ஓட்டமும் எடைப்பயிற்சியும் ஒரே வாரத்தில்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு 12 வார வழிகாட்டி

நாகர்கோவிலில் காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வருகிறவர்களை ஆறு வருடமாகப் பார்த்து வருகிறேன். ஜனவரியில் புது முகங்கள் நிறைய இருக்கும். பங்குனி வெயில் ஏறும்போது பாதிப் பேரைக் காணோம். நின்றுபோனவர்களை வழியில் பார்த்துக் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: ஓட்டத்தையும் ஜிம்மையும் ஒரே வேகத்தில் தொடங்கினேன், மூன்றாவது வாரம் முன்னங்கால் எலும்பு வலித்தது, இரண்டையும் விட்டுவிட்டேன். இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. எதை முதலில் கூட்டுவது, எந்த நாளை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்பது தெரியாமல் போனதுதான் காரணம். அதனால் இதில் வரிசையைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

12 வாரம் முடியும்போது நிற்காமல் 40 நிமிடம், சுமார் 6 கிலோமீட்டர் ஓட வேண்டும். உங்கள் உடல் எடையில் பாதியை முதுகு வளையாமல் எட்டு முறை தூக்கி இறக்க வேண்டும். இதுதான் இலக்கு. வாரத்துக்கு நாலரை மணி நேரம் போதும். 10 கிலோமீட்டருக்கு இன்னும் எட்டு வாரம் ஆகும், அதை இப்போது நினைக்க வேண்டாம்.

1. முதல் நாளுக்கு முன்

சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களும், மாடிப்படி ஏறினாலே நெஞ்சு இறுகுகிறவர்களும், நாற்பது தாண்டி பல வருடம் உடம்பை அசைக்காமல் இருந்தவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்கள், ஓடும் நாளில் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டம் ரத்தச் சர்க்கரையை இறக்கும். வெறும் வயிற்றில் ஓடினால் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு.

பிறகு வீட்டிலேயே மூன்று சோதனை. அரை மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு மறுநாள் காலையில் முழங்காலும் குதிகாலும் வலிக்கிறதா என்று பாருங்கள். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியில் 15 முறை உட்கார்ந்து எழுங்கள். ஒவ்வொரு காலிலும் தனித்தனியாக 20 வினாடி நில்லுங்கள்.

ஓடும்போது இரண்டு கால்களும் சேர்ந்து தரையில் இருப்பதே இல்லை. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை ஒற்றைக் காலில் இறங்குகிறது. சும்மா நிற்கும்போதே ஆடுகிற கால் அதைத் தாங்காது. மூன்றில் ஒன்று முடியவில்லை என்றாலும், இரண்டு வாரம் தினமும் நடையும் நாற்காலிப் பயிற்சியும் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். இந்த இரண்டு வாரத்தை வீணாக நினைத்துத் தாண்டியவர்கள்தான் பின்னால் இரண்டு மாதம் உட்கார்ந்தார்கள்.

2. வாங்க வேண்டியவை

ஓட்டத்துக்கென்று செய்த ஷூ ஒரு ஜோடி. கடைக்கு மாலையில் போங்கள், பகல் முழுக்க நின்று நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். கால் பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். விலை உயர்ந்தது வேண்டும் என்பதில்லை, கடைக்குள்ளேயே பத்தடி ஓடிப் பார்த்து எங்கும் உரசாமல் இருந்தால் அதுவே போதும். 500 முதல் 800 கிலோமீட்டரில் அடிப்பாகம் செத்துவிடும்.

அதே ஷூவைப் போட்டுக்கொண்டு எடை தூக்காதீர்கள். அதன் அடி பஞ்சு மாதிரி அமுங்கும், எடையோடு குந்தும்போது கணுக்கால் இரண்டு பக்கமும் ஆடும். வெறுங்காலோ தட்டையான கேன்வாஸ் ஷூவோ நல்லது.

எடைக்கு, பிளேட் மாற்றக்கூடிய டம்பெல் ஜோடி ஒன்று இருந்தால் முதல் எட்டு வாரம் வீட்டிலேயே ஓட்டிவிடலாம். அதுவும் இல்லையென்றால் 5 கிலோ, 10 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக் குந்தலாம். பத்தாவது வாரம் முதல் கனமான எடை வேண்டும், ஒன்பதாவது வாரத்தில் ஜிம்மில் சேர்ந்தால் போதும். முதல் நாளே ஒரு வருடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. தேதி, எவ்வளவு நேரம் ஓடினேன், எத்தனை கிலோ எத்தனை முறை, எங்கே வலி. நாலு வரி எழுதினால் போதும். எட்டாம் பிரிவில் அது இல்லாமல் எதையும் தீர்மானிக்க முடியாது.

3. ஓடும் இடம்: இதைக் கவனமாகப் படியுங்கள்

வெளியூர்க்காரர்கள் எழுதிய திட்டங்கள் நம் மாவட்டத்தில் சறுக்குவது இங்கேதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் வயல்வெளி ஓரம் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் சமதளமாக ஓடலாம். கல்குளம், விளவங்கோடு பக்கம் வந்துவிட்டால் ஐந்நூறு மீட்டர் கூடச் சமமாகக் கிடைக்காது. ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். மார்த்தாண்டத்திலோ குலசேகரத்திலோ வீட்டு வாசலிலிருந்து ஓடத் தொடங்குகிறவர், தெரியாமலே தொடைக்கு எடைப்பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சேதம் இறக்கத்தில்தான் அதிகம். இறங்கும்போது தொடையின் முன்சதை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அப்படி நீண்டபடி சுமை தாங்கும் சதைதான் மறுநாளும் அதற்கு மறுநாளும் கட்டிக்கொள்ளும். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை கனமான ஸ்குவாட் (எடையோடு குந்தி எழுதல்) போட்டுவிட்டு, ஞாயிறு காலை குலசேகரத்திலிருந்து திற்பரப்புக்கு ஓடினேன். ஏற்றமெல்லாம் ஏறிவிட்டேன். கடைசி இறக்கத்தில் தொடை நடுங்கி, முழங்கால் தானாக மடிய ஆரம்பித்தது. புதன்கிழமை வரை பஸ் படி ஏற முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு அந்தப் பாதையையும், அதற்கு முன்னால் கனமான கால் எடையையும் ஒன்றாக வைத்ததுதான் தவறு.

மேற்குப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது: சானல்கரை. சானலில் தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதற்காக மட்டம் பார்த்து வெட்டியிருக்கிறார்கள், அதனால் மேடும் பள்ளமுமான ஊரிலும் சானல்கரை மட்டும் கிட்டத்தட்டச் சமமாகப் போகும். பள்ளத்தாக்கு வந்த இடத்தில் பட்டணங்கால் சானலின் மட்டம் இறங்கிவிடக் கூடாது என்றுதான் மாத்தூரில் தொட்டிப்பாலமே கட்டினார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்தச் சானல் போகிறது என்று பாருங்கள். புல் வளர்ந்து கிடக்கும் பகுதியில் மட்டும் வெளிச்சம் வராமல் ஓடாதீர்கள், பாம்பு இருக்கும்.

கடற்கரை பலருக்கும் ஆசை. சொத்தவிளை, சங்குத்துறை போன்ற இடங்களில் காய்ந்த மணலில் ஓடினால் குதிகால் ஒவ்வொரு அடியிலும் உள்ளே போகும், ஆடுசதையும் குதிகாலுக்கு மேலுள்ள நாணும் அளவுக்கு மீறி இழுபடும். புதியவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். நீர் வடிந்த ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் கடல் பக்கத்துக் கால் எப்போதும் தாழ்வில் விழுந்து இடுப்பு கோணும். ஐந்து நிமிடம் போய் ஐந்து நிமிடம் திரும்புங்கள், மொத்தம் இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், வாரத்துக்கு ஒரு முறை போதும். கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் அலைப் பக்கமே போகாதீர்கள். காற்றும் மழையும் இல்லாமல் அமைதியாக இருக்கும்போதே திடீரென்று கரையேறும் அலை அது.

ஆரல்வாய்மொழி பக்கம் இருப்பவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கணவாய் வழியாக மேற்கிலிருந்து தள்ளும் அந்தக் காற்றில் முதலில் எதிர்காற்றாகத் தோவாளையை நோக்கிப் போங்கள், திரும்பும்போது காற்று முதுகில் இருக்கட்டும். மாற்றிச் செய்தால், களைத்துப்போன பிறகு வேர்வை காய்ந்து உடம்பு குளிரக் குளிர எதிர்காற்றில் நடந்து வர வேண்டியிருக்கும்.

4. முதல் நான்கு வாரம்: கால் தயாராகட்டும்

மூச்சு சீக்கிரம் பழகிவிடும். மூன்று நான்கு வாரத்திலேயே “இன்னும் ஓடலாம் போல இருக்கிறதே” என்று தோன்றும். எலும்புக்கும் நாணுக்கும் அப்படியில்லை, அவை பலப்பட மாதக் கணக்கில் ஆகும். மூச்சு சொல்வதைக் கேட்டு ஓடினால் கால் பின்னால் நின்றுவிடும். மூன்றாவது வாரத்தில் முன்னங்கால் எலும்பு வலிப்பது இதனால்தான்.

அதனால் முதல் நான்கு வாரம் எடைப்பயிற்சிதான் முக்கியப் பாடம், ஓட்டம் நடையோடு கலந்து கொஞ்சமாக வரும். செவ்வாயும் வெள்ளியும் எடை. வியாழனும் ஞாயிறும் நடை-ஓட்டம்.

முதல் வாரம்: 1 நிமிடம் ஓடி 2 நிமிடம் நடப்பது, எட்டு முறை. இரண்டாம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டு முறை. மூன்றாம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஆறு முறை. நான்காம் வாரம் மறுபடி இரண்டாம் வாரக் கணக்கு. “இது ரொம்பக் குறைவு” என்று எல்லோரும் சொல்வார்கள். ஆமாம், குறைவுதான். மூச்சுக்கு அது குறைவு, காலுக்கு அது சரி.

5. ஏழு அசைவுகள்

குந்தி எழுதல், இடுப்பை மடித்து எடை தூக்குதல், படியேற்றம், தண்டால், டம்பெல்லை இடுப்புக்கு இழுத்தல், குதிகால் தூக்கல், பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராகப் பிடித்து நிற்பது). இதற்கு மேல் முதல் 12 வாரத்துக்கு எதுவும் வேண்டாம். கைமடக்கும் பயிற்சியில் ஆசை இருந்தால் கடைசியில் இரண்டு செட் போட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை.

முதல் மூன்று வாரம் ஒவ்வொன்றும் இரண்டு செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றுதான் செட்), செட்டுக்குப் பத்து முறை. பிளாங்க் மட்டும் 20 வினாடியில் தொடங்கட்டும். எடை எவ்வளவு? பத்து முடிக்கும்போது இன்னும் இரண்டு மூன்று செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்த வேண்டும், அதுதான் அளவு. கை நடுங்கி முகம் கோணும் வரை போட்டால் அடுத்த ஓட்டம் கெடும். செட்டுக்கு நடுவில் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். அந்த இடைவெளியில் குதித்து, ஓடி, வேர்க்கவைக்க வேண்டாம். மூச்சுக்கான வேலையை ஓடும் நாள் பார்த்துக்கொள்ளும்.

குந்தி எழுதல்: டம்பெல்லையோ அரிசிப் பையையோ நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். பின்னால் ஒரு ஸ்டூல் வையுங்கள். இடுப்பு ஸ்டூலைத் தொட்டதும் எழுங்கள், உட்கார்ந்துவிடக் கூடாது. எழும்போது முழங்கால்கள் இரண்டும் உள்ளே சாய்கிறதா என்று யாரையாவது முன்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சாய்ந்தால் எடையைக் குறையுங்கள். ஓடும்போதும் அதே முழங்கால் அதே மாதிரிதான் உள்ளே போகும்.

இடுப்பு மடிப்பு: ஜிம்மில் ரொமேனியன் டெட்லிஃப்ட் என்பார்கள். ஓடுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான அசைவு இல்லை என்பது என் எண்ணம், ஏனென்றால் நம்மை முன்னால் தள்ளுவது பின்தொடையும் பிட்டமும்தான். பெரும்பாலோர் இதை முதுகால் செய்துவிடுகிறார்கள். நான் கற்றுக்கொடுப்பது இப்படி: துடைப்பக் கம்பை முதுகோடு சேர்த்து நிமிர்த்திப் பிடியுங்கள். கம்பு மூன்று இடத்தைத் தொட வேண்டும்: பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடுவில், இடுப்புக்குக் கீழே வால் எலும்பு. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுவருக்கு முதுகு காட்டி நின்று, முழங்காலைக் கொஞ்சமாக மடக்கி, பிட்டத்தால் சுவரைத் தொடப் பாருங்கள். மூன்று இடமும் கம்பை விட்டுப் பிரியாமல் சுவரைத் தொட்டுவிட்டால் அசைவு வந்துவிட்டது. போன வருடம் ஒரு தையல்கார அக்காவுக்கு இது வரவே இல்லை, பத்து மணி நேரம் மிஷினில் குனிந்தே இருந்த முதுகு. தினமும் காலையில் இருபது முறை கம்போடு மட்டும் செய்தார். பதினோராம் நாள் மூன்று இடமும் ஒட்டியது. அதற்குப் பிறகுதான் கையில் டம்பெல் கொடுத்தேன். இன்று 28 கிலோ தூக்குகிறார்.

குதிகால் தூக்கல்: படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, மூன்று வினாடி எடுத்து மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்கி, மேலே தூக்குங்கள். முதலில் இரண்டு காலில், நான்காம் வாரத்துக்குப் பிறகு ஒற்றைக் காலில். ஒரு செட் முழங்கால் நேராக, இன்னொரு செட் முழங்கால் சற்று மடங்கி. மடங்கிய நிலையில் ஆடுசதையின் ஆழத்தில் இருக்கும் சதை வேலை செய்யும், மெதுவான ஓட்டத்தில் சுமையை அதிகம் வாங்குவது அதுதான். இதை “ஒன்றும் கனமில்லையே” என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. குதிகால் வலியோடு வருகிறவர்களிடம் நோட்டைக் கேட்டுப் பார்த்தால் இந்த வரி மட்டும் காலியாக இருக்கும்.

தண்டால் தரையில் வராதவர்கள் திண்ணையில் கை வைத்துச் செய்யுங்கள். படியேற்றத்துக்கு முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான படி. மற்ற இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை, இழுக்கும்போது முதுகு சமமாக இருக்கட்டும், பிளாங்கில் இடுப்பு தொங்காமல் இருக்கட்டும்.

6. எந்த வேகத்தில் ஓடுவது

பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் சொல்ல முடிய வேண்டும். தனியாக ஓடினால் உங்கள் வீட்டு முகவரியைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பின்கோடு வருவதற்குள் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். நடையைவிடக் கொஞ்சம்தான் வேகமாக இருக்கிறது என்று வெட்கப்பட வேண்டாம்.

எடைப்பயிற்சி செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மெதுவான ஓட்டம் கால்களில் ரத்தத்தை ஓடவிட்டு, சீக்கிரம் ஆறிவிடும். மூச்சிரைக்க ஓடினால் ஆற இரண்டு நாள் ஆகும், அந்த இரண்டு நாளில்தான் நம் அடுத்த எடைப்பயிற்சி வருகிறது. எல்லா நாளும் நடுத்தர வேகத்தில் ஓடி எல்லா நாளும் நடுத்தரக் களைப்போடு எடை தூக்குகிறவர்களுக்கு இரண்டும் முன்னேறாது.

நான்காம் வாரத்துக்குப் பிறகு: ஐந்தாம் வாரம் 6 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, நான்கு முறை. ஆறாம் வாரம் 9 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, மூன்று முறை. ஏழாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை நிற்காமல் 28 நிமிடம். ஒன்பதாம் வாரத்திலிருந்து செவ்வாய் ஓட்டத்தின் முடிவில் மட்டும் 20 வினாடி வேக ஓட்டம் நாலு தடவை, நடுவில் ஒரு நிமிட நடை. வேகத்தை இதோடு நிறுத்துங்கள்.

7. வாரத்தை அடுக்குவது

ஐந்தாம் வாரம் முதல் இப்படி (5, 6 வாரங்களில் ஓட்டம் என்றால் மேலே சொன்ன நடை கலந்த கணக்குதான்):

திங்கள்: ஓய்வு.
செவ்வாய்: காலை 20 முதல் 30 நிமிடம் லேசான ஓட்டம், மாலை எடை. கால் அசைவுகள் கனமாக.
புதன்: 20 நிமிட நடை மட்டும்.
வியாழன்: 30 நிமிடம் லேசான ஓட்டம்.
வெள்ளி: எடை. மேலுடல் கனமாக, கால் லேசாக.
சனி: ஓய்வு.
ஞாயிறு: நீண்ட ஓட்டம்.

கால் எடையைச் செவ்வாயில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கனமாகப் போட்ட கால் வலி மறுநாளைவிட இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். வெள்ளிக்கிழமை கனமாகப் போட்டால் அந்த உச்சம் சரியாக ஞாயிறு காலையில் வந்து நிற்கும். வார நாளில் வேலை, வெள்ளிதான் மனசு லேசாக இருக்கிறது என்று அன்றைக்கு ஸ்குவாட்டை அள்ளிப் போடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். திற்பரப்பு பாதையில் எனக்கு நடந்ததும் அதுதான்.

செவ்வாயன்றே ஓட்டத்தையும் எடையையும் சேர்த்து வைப்பதைப் பார்த்து, “பாவம், ஒரு நாள் இதற்கு ஒரு நாள் அதற்கு என்று பிரிக்கலாமே” என்பார்கள். பிரித்தால் வாரத்தில் கால் முழுசாக ஆறும் நாளே இருக்காது. கஷ்டமான இரண்டையும் ஒரே நாளில் தள்ளிவிட்டால் புதன் முழுக்கக் காலுக்குக் கிடைக்கும். காலைக்கும் மாலைக்கும் நடுவில் ஆறு மணி நேரமாவது இருக்கட்டும், நடுவில் ஒரு நல்ல சாப்பாடும் இருக்கட்டும்.

மாலையில் நேரமே கிடைக்காதவர்கள் காலையிலேயே இரண்டையும் செய்ய வேண்டியிருந்தால், எடை முதலில், ஓட்டம் பிறகு. எடைக்குப் பின் 15 நிமிடம் மெதுவாக ஓடினால் போதும். களைத்த காலோடு மெதுவாக ஓடுவதில் ஆபத்து குறைவு, களைத்த காலோடு எடை தூக்கினால் முதுகு வளையும்.

ஞாயிறு முதல் பூசைக்குப் போகிறவர்கள் நீண்ட ஓட்டத்தைச் சனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அதை மட்டும் மாற்றாதீர்கள், மொத்த வாரத்தையும் ஒரு நாள் முன்னால் இழுங்கள்: திங்கள் கனமான எடை, வியாழன் லேசான எடை. இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கும் இதே விதிதான், கிழமை எதுவானாலும் நாட்களின் இடைவெளி மாறக் கூடாது.

ஒரு நாள் தவறிவிட்டால் விட்டுவிடுங்கள். செவ்வாய் விட்ட கால் எடையை வெள்ளியில் ஈடுகட்டக் கூடாது.

8. எப்போது கூட்டுவது

ஓட்டமும் கால் எடையும் ஒரே வாரத்தில் சேர்ந்து கூடக் கூடாது. முதல் மூன்று வாரம் இரண்டும் குழந்தை அளவு என்பதால் விதிவிலக்கு. 5, 6, 7 வாரங்களில் ஓட்டம் கூடும். கால் அசைவுகளுக்கு மூன்றாம் வாரம் தூக்கிய எடையே இருக்கட்டும், மூன்று செட், செட்டுக்கு எட்டு. மேலுடலில் வேண்டுமானால் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வாரம் ஞாயிறு ஓட்டம் 35 நிமிடம். பத்தாம் வாரம் அதே 35; இந்த வாரம்தான் செவ்வாயில் கால் எடை ஏறும், மூன்று செட், செட்டுக்கு ஆறு, நல்ல கனமாக. எண்ணிக்கை குறைந்து எடை கூடினால் சதை அதிகம் பெருக்காமல் பலம் ஏறும், ஓட்டத்துக்கு வேண்டியது அதுதான். பதினோராம் வாரம் எடை அப்படியே, ஓட்டம் 42 நிமிடம்.

நான்காம் வாரம் எடையை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், ஓட்டம் மேலே சொன்ன இரண்டாம் வாரக் கணக்குதான்; எட்டாம் வாரம் எல்லாவற்றையும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது குறைக்க மனசு வராது. ஆனால் பயிற்சியில் தேய்ந்த உடம்பு கட்டிக்கொள்வது குறைத்த வாரத்தில்தான். எட்டாம் வாரத்தைக் குறைக்காமல் ஓடியவர்களில் பலர் பத்தாம் வாரம் இருமலோ ஜலதோஷமோ பிடித்துத் தானாகவே குறைக்க வேண்டியதாயிற்று.

9. சாப்பாடு, தண்ணீர், தூக்கம்

காலை ஓட்டத்துக்கு அரை மணி முன்னால் இரண்டு மட்டிப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். 40 நிமிடத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. கட்டன்சாயா குடித்துப் பழகியவர்கள் குடிக்கலாம்.

எடை தூக்குகிறவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும்: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.6 கிராம். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 96 கிராம். நம் ஊர்ச் சாப்பாட்டில் இது கஷ்டமே இல்லை, மாற்றி அடுக்கினால் போதும். இரண்டு முட்டையில் 12 கிராம். 150 கிராம் மீனில் 30 கிராம் வரும், சாளையோ அயிலையோ எதுவானாலும் சரி. ஒரு பெரிய கிண்ணம் வேகவைத்த சிறுபயறில் 14 கிராம், ஒரு கிண்ணம் தயிரில் 6. சோறும் பருப்பும் மீதியைக் கொடுத்துவிடும்.

கவனிக்க வேண்டியது மரச்சீனிதான் (மரவள்ளிக்கிழங்கு). ஓட்டத்துக்கு முந்தின நாள் இரவு அது அருமையான சாப்பாடு, முழுக்க மாவுச்சத்து. ஆனால் அதில் புரதம் கிட்டத்தட்ட இல்லை. எடை தூக்கிய அன்று மரச்சீனியும் மிளகாய்த் துவையலும் மட்டும் சாப்பிட்டால் தசைக்கு ஒன்றும் போகாது, மீன்கறி கூட வேண்டும். அதே மாதிரி புட்டுக்குப் பழத்தைவிடப் பயறு.

இங்கே கடல் பக்கம் என்பதால் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாமல் வழியும். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும்; வழிந்தால் தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. அதை உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீராகவோ மோராகவோ இரண்டு மூன்று மணி நேரத்தில் திருப்பிக் குடியுங்கள். ஏழரைக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் ஏழுக்குள்.

தூக்கம் ஏழு மணி நேரம். ஐந்துக்கு எழ வேண்டும் என்றால் பத்துக்குப் படுக்க வேண்டும். இரவு பன்னிரண்டு வரை விழித்திருந்த நாளுக்கு அடுத்த நாள் கனமான எடை வேண்டாம், நடந்துவிட்டு வாருங்கள்.

10. எந்த வலிக்கு நிறுத்துவது

தொடை முழுக்க, பிட்டம் முழுக்க, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கனத்து வலித்தால் அது சதை வலி. மூன்று நாளில் போகும், நடந்தால் குறையும்.

ஒரே பக்கம், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் எலும்பின் மேல் வலித்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். ஒற்றைக் காலில் மெதுவாகக் குதித்தாலே அந்தப் புள்ளி குத்தினால் எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம், எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடுவது நுண்விரிசலை முறிவாக்கும். தடவி உருவிவிடுகிறவரிடமும் அதோடு போகாதீர்கள்.

குதிகாலுக்கு மேல் நாணிலோ பாதத்தின் அடியிலோ காலையில் முதல் சில அடிகள் வலித்து, நடக்க நடக்கக் குறைந்தால், அது ஆரம்ப எச்சரிக்கை. ஓட்டத்தைப் பாதியாக்கி, ஏற்றத்தையும் மணலையும் விட்டு, குதிகால் தூக்கலை மெதுவாகத் தொடருங்கள். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

நெஞ்சு இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, தலைசுற்றல் என்றால் உட்கார்ந்துவிடுங்கள், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு 108க்குப் போன் போடச் சொல்லுங்கள்.

11. மழைக்காலம்

நமக்கு இரண்டு மழை உண்டு, ஜூன்–ஜூலையிலும் அக்டோபர்–நவம்பரிலும். 12 வாரத்தில் ஏதாவது ஒன்று குறுக்கே வரலாம். தூறலில் ஓடலாம், இடி மின்னலில் கூடாது. செம்மண் பாதையும் பாசி பிடித்த சிமென்ட் ரோடும் வழுக்கும், தார் ரோட்டில் ஓடுங்கள். விடிவதற்கு முன் ரப்பர் தோட்டப் பக்கம் ஓடினால் பால் வெட்டப் போகிறவர்களைப் போலத் தலையில் ஒரு விளக்கு கட்டிக்கொள்ளுங்கள், வெளிர் நிறச் சட்டை போடுங்கள். ஓடவே முடியாத வியாழன் என்றால் வீட்டுப் படியில் 20 நிமிடம் ஏறி இறங்கலாம். அதற்காக எடை நாளை வியாழனுக்கு நகர்த்தாதீர்கள்.

12. பன்னிரண்டாம் வாரச் சோதனை

செவ்வாய் ஓட்டம் 20 நிமிடம் மட்டும், எடையை வெள்ளிக்குத் தள்ளாமல் செவ்வாயிலேயே முடியுங்கள். அன்று வார்ம்-அப் ஆன பிறகு உடல் எடையில் பாதியை இடுப்பு மடிப்பில் எட்டு முறை. யாரையாவது பக்கவாட்டில் நின்று போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். முதுகு வளைந்த முறையோடு எண்ணிக்கையை நிறுத்திக்கொள்ளுங்கள், நோட்டில் அந்த எண்தான்.

ஞாயிறு, முதல் வாரம் நடை-ஓட்டம் செய்த அதே பாதையில் 40 நிமிடம். பேச முடிகிற வேகத்தில்தான். எவ்வளவு தூரம் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எடை வந்து ஓட்டம் வரவில்லை என்றால், நோட்டைப் புரட்டி வெள்ளிக்கிழமைகளில் கால் எடை எவ்வளவு என்று பாருங்கள், அநேகமாக அங்கே கனம் ஏறியிருக்கும். அதைக் குறைத்து ஒன்பதாம் வாரத்திலிருந்து மறுபடி செய்யுங்கள். ஓட்டம் வந்து எடை வரவில்லை என்றால் செவ்வாய் காலை ஓட்டத்தின் வேகத்தையும், அன்றைய மதியச் சாப்பாட்டையும் பாருங்கள். இரண்டும் வந்துவிட்டால் ஒரு வாரம் நடை மட்டும். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, பதினோராம் வாரக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்.